ஆயுதபூஜை சிக்கிக்கொண்ட கல்

1

இந்தக் கதை ஒரு பேப்பர் வெயிட்டிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அனுபவமா கற்பனையா என்று யாராவது கேட்பார்கள், நானும் ஏதாவது உளறுவேன்.

மைசூரில், விஜயநகரில், ஒரு வீட்டு மேஜையில் அது இருந்தது. உள்ளங்கையில் அடங்குகிற கல். நான்கு பக்கமும் சீவினதுபோல நேராக ஏறி, உச்சியில் கூம்பாகக் கூர்ந்திருந்தது. கண்ணாடி என்று நினைத்து எடுத்தேன். கல்லுக்குள்ளே, உச்சிக்குக் கொஞ்சம் கீழே, இன்னொரு உச்சி தெரிந்தது. பால் ஆடையால் செய்த சின்னக் கூடாரம் மாதிரி வெள்ளையாக, மெல்லிசாக. அதற்கு மேலேயும் தெளிவு, கீழேயும் தெளிவு. அந்த ஒரு படலம் மட்டும் கலங்கல்.

ஈரக்கையால் தொடக்கூடாது, கரைந்துவிடும் என்றார் அந்த வீட்டு அம்மாள். உள்ளே இருப்பது என்ன என்று கேட்டேன். அது ஒரு ஆயுதபூஜை என்று சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போய்விட்டார்.

காபிக்குப் பிறகு மீதியைச் சொன்னார். முழுதும் சொல்லவில்லை. ஓர் இடத்தில் நிறுத்தினார். எங்கே நிறுத்தினார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இடையில் அவர் சொல்லாததையும் நான் சேர்த்திருக்கிறேன். எது எது என்று பிரித்துக் காட்டப்போவதில்லை.

2

தொடக்கங்கள்:

தன்மயி நான்கு வருடமாக ஒரு கல்லை வளர்த்துவந்தாள். (பொய். ஒரு கல் வளர மூன்று மாதம் போதும். நான்கு வருடத்தில் அவள் பதினொரு கல்லைக் கெடுத்தாள்.)

சாமுண்டி மலையிலிருந்து பார்த்தால் தசரா விளக்குகளில் மைசூர் (நிறுத்திவிட்டேன். மைசூரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்த மலையில் ஏறித்தான் ஆரம்பிக்கிறார்கள். என்னிடம் வண்டி இல்லை.)

குறையுள்ள படிகத்தைப் போலத்தான் மனித மனமும் (இதை அடித்ததற்கு யாரும் வருத்தப்பட வேண்டாம்.)

பஞ்சவர்ணத்துக்குத் திங்கட்கிழமை ஒரு கடிதம் வர வேண்டியிருந்தது.

இது நிற்கிறது. இதை வைத்துக்கொண்டு போகலாம்.

3

பஞ்சவர்ணத்துக்குத் திங்கட்கிழமை ஒரு கடிதம் வர வேண்டியிருந்தது. ஒன்பது வருடமாக வர வேண்டிய கடிதம். கர்நாடக எல்லையில் தமிழ் பேசும் கிராமமான மார்டள்ளியிலிருந்து கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள், ஒரு தனியார் கல்லூரியின் இயற்பியல் துறையில் அட்டெண்டராகச் சேர்ந்தாள். தற்காலிகம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். அந்தத் தற்காலிகத்தில் அவளுடைய இரண்டு பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டார்கள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம், அந்தத் துறைக்கு ஒரு நிரந்தர இடம் கிடைத்தது. யாருக்கு என்று நிர்வாகத்துக்கு எழுத வேண்டியவர் துறைத் தலைவர் ரங்கு சார்.

"பஞ்சவர்ணம், நான் எழுதறேன். திங்கட்கிழமை எழுதறேன்" என்று அவர் கையைத் தூக்கிச் சொல்லியிருந்தார். "ஆனா அதுவரைக்கும் உன் பேர்ல ஒரு ரிமார்க் வரக்கூடாது. வந்துதுன்னா மேலே இருக்கறவா வேற ஆளைக் கூட்டிண்டு வந்துடுவா. ரெடியா வெச்சுண்டிருக்கா."

அவளுடைய வேலையில் முக்கியமானது ஒரு தொட்டி. பெரிய கண்ணாடித் தொட்டி, அதில் ஹீட்டர் போட்ட வெந்நீர், வெந்நீருக்குள் ஒரு ஜாடி, ஜாடியில் உப்புக் கரைசல். கரைசலுக்குள், மோட்டார் சுற்றுகிற ஒரு கம்பியின் முனையில், அந்தத் துறையில் ஆராய்ச்சி செய்யும் தன்மயியின் கல் மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கும். தினமும் காலையில் வெந்நீரின் சூட்டைப் பத்தில் ஒரு டிகிரி குறைக்க வேண்டும். சூடு குறையக் குறைய, கரைந்திருந்த உப்புக்குத் தண்ணீரில் இடம் போதாமல் போகும். அது வந்து கல்லின் மேல் உட்காரும். ஒரு நாளைக்கு அரை மில்லிமீட்டர் கல் வளரும். அவ்வளவுதான் விஷயம். கஷ்டம் என்னவென்றால் இதை மூன்று மாதம் இடைவிடாமல் செய்ய வேண்டும்.

பஞ்சவர்ணம் மணிக்கு ஒருமுறை தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவாள். பகல் பன்னிரண்டு மணிக்குத் தன்மயி தானே பார்த்து, பக்கத்துக் கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். இரண்டு பேர் பார்த்தால்தான் நம்பலாம் என்பது ரங்கு சாரின் ஏற்பாடு.*

* இந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் இரண்டு பேரும் ஒரே எண்ணைத்தான் எழுதப்போகிறார்கள்.

4

முதல் பிரதியில் பஞ்சவர்ணத்தை நல்லவளாக எழுதினேன். நேரத்துக்கு வருவாள், சொன்னதைச் செய்வாள், எதிர்த்துப் பேசமாட்டாள். மூன்று பக்கம் போயிற்று. எதுவும் நடக்கவில்லை. காலையில் வந்தாள், 39.1 என்று எழுதினாள், வீட்டுக்குப் போனாள். மறுநாள் 39.0. அதற்கடுத்த நாள் என்ன எழுதியிருப்பாள் என்று உங்களுக்கே தெரியும்.

பாதியில் விட்ட படிப்பில் எனக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பக்கம். அது இங்கே உதவியது. கல்லின் ஒரு முகம் ஒரு குறையும் இல்லாமல் சமதளமாக இருக்கிறது என்று வையுங்கள். கரைசலிலிருந்து ஒரு துகள் வந்து அதன் மேல் இறங்குகிறது. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. வழுக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் அலைந்துவிட்டுத் திரும்பப் போய்விடும். அதற்கு ஒரு படி வேண்டும். படியின் மூலையில் மூன்று பக்கமும் அணைப்புக் கிடைத்தால் உட்காரும். ஆனால் படியும் நிரந்தரமில்லை. ஓர் அடுக்கு நிரம்பியதும் படி விளிம்புவரை போய் மறைந்துவிடும். மறுபடி மொட்டைத் தளம்.

எங்கேயோ ஒரு வரிசை, ஒரே ஒரு துகள் அளவுக்கு வழுக்கி, மேல்வரிசையும் கீழ்வரிசையும் முறுக்கிக்கொண்டால்தான் கதை மாறும். அங்கே ஒரு படி எழும்பும். அந்தப் படி முடியவே முடியாது. கட்டக் கட்டச் சுற்றிக்கொண்டே மேலே ஏறும், மணிக்கூண்டுப் படிக்கட்டு மாதிரி. துகள்கள் சிரமமில்லாமல் வந்து உட்காருவது அந்த இடத்தில்தான்.

இதிலிருந்து வாழ்க்கைப் பாடம் எதுவும் எடுக்க வேண்டாம். உப்பைப் பற்றித்தான் சொன்னேன்.

ஆனால் பஞ்சவர்ணத்துக்கு ஒரு குறை தேவை என்பது புரிந்தது. திருட்டுப் பழக்கம் கொடுத்துப் பார்த்தேன். ஆய்வகத்தில் திருட என்ன இருக்கிறது, உப்பா? புறம் பேசுகிறவளாக்கினேன். கதை முழுக்க அவளே பேசினாள். கடைசியில் கிடைத்தது இதுதான்: எல்லாருக்கும் கொடுத்து ஒருவருக்கு மட்டும் இல்லை என்றால் அவளால் பொறுக்க முடியாது. பந்தியில் யாருக்காவது அப்பளம் வரவில்லை என்றால் சண்டைக்கே போவாள், அந்த ஆள் வேண்டாம் என்று சொன்னாலும்.

கதை உடனே நகர்ந்துவிட்டது.

5

ஆயுதபூஜைக்கு முந்தின நாள் தன்மயி கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மேல்கோட்டையில் அவளுடைய வீடு. இருபத்தேழு வயது, ஒல்லி, எப்போதும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட நடை. அவளுடைய தமிழில் கன்னடம் கலந்துவரும்: பேடா என்றால் வேண்டாம், அஷ்டே என்றால் அவ்வளவுதான், அல்வா என்றால் இல்லையா.

"பஞ்சக்கா, நாளைக்கு எல்லாத்துக்கும் நன்னா பூஜை பண்ணுங்கோ. இந்தத் தொட்டிக்கு மாத்திரம் பேடா."

"ஏனுங்க மேடம், அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"பாவமும் இல்லை, புண்யமும் இல்லை. நிறுத்தினா கல் கெட்டுப்போய்டும். அஷ்டே."

"நிறுத்தலீங்க. ஒரு பூ மட்டும் வெக்கட்டுங்களா?"

"உள்ளே விழுந்துடும்."

"குங்குமம்?"

"பஞ்சக்கா!"

"செரிங்க, செரிங்க. சும்மா கேட்டனுங்க."

"நாளைக்கு லீவுதான், ஆனா பன்னெண்டு மணி ரீடிங்குக்கு நான் வந்துடறேன். காலம்பற பஸ்ல வந்துட்டு உடனே திரும்பிடுவேன்."

மறுநாள் கல்லூரியில் யாரும் இல்லை. பஞ்சவர்ணம் எட்டு மணிக்கே வந்து, தொட்டியைத் தவிர எல்லாவற்றையும் நிறுத்தினாள். அன்றைக்குக் கருவிகளுக்கு ஓய்வு. ஓடுகிற கருவிக்குப் பூஜை கிடையாது. அடுப்பு, தராசு, காய்ச்சி வடிக்கும் இயந்திரம், டைப்ரைட்டர், வெல்டிங் செட், கதவிடுக்கில் இருந்த துடைப்பம்வரை துடைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சேவந்திச் சரம் சுற்றினாள். பதினொன்றரைக்கு வேலை முடிந்தது. ஆய்வகமே கல்யாண வீடு மாதிரி இருந்தது. இயந்திரங்கள் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தன.

தொட்டி மட்டும் உர்ர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கற்பூரத் தட்டோடு அதன் முன்னால் நின்றாள். மூன்று மாதமாக ஒரு நிமிடம் நிற்காதது. மற்றவையெல்லாம் வாரத்தில் இரண்டு நாள் ஓடினால் அதிகம். அந்தச் சோம்பேறித் தராசுக்கு இரண்டு முழம் பூ. இதற்கு ஒரு பொட்டு இல்லை.*

* இங்கே ஓர் ஒப்புமை தானாக வந்து ஒட்டிக்கொண்டது: தொட்டியும் லீவு இல்லாமல் ஓடுகிறது, பஞ்சவர்ணமும் லீவு நாளில் வேலைக்கு வந்திருக்கிறாள், ஆகவே. நான் அழைக்கவில்லை. கரைசல் ரொம்பச் செறிந்தால் ஜாடியின் அடியில் வேண்டாத பொடிக் கற்கள் தாமாக முளைக்கும். அவற்றைச் சுரண்டி எடுக்காவிட்டால் பெரிய கல்லுக்குப் போக வேண்டிய உப்பை அவை தின்றுவிடும். சுரண்டிவிட்டேன்.

"கற்பூரம் எரியற நேரந்தான்" என்று தொட்டியிடமே சொல்லிவிட்டு ஸ்விட்சைத் தட்டினாள். பதினொன்றே முக்கால். உர்ர்ர் நின்றது. கல்லும் சுழல்வதை நிறுத்தியது. தொட்டியின் வெளிக் கண்ணாடியில் ஒரே ஒரு பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

திருப்பிப் போட்டிருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும், கல்லும் பிழைத்திருக்கும். ஆனால் திருஷ்டிப் பூசணிக்காயைச் சுற்றி உடைக்காமல் கருவியை ஓடவிடக் கூடாது. எல்லாக் கருவிக்கும் பொதுவாக ஒரு பூசணிக்காய் வாங்கி வைத்திருந்தாள். அதைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடினாள்.

கேட்டில் கெம்பையன் இருந்தான். வாட்ச்மேன், கன்னடக்காரன். அவன் கன்னடத்தில் கத்துவான், அவள் தமிழில் கத்துவாள். ஒன்பது வருடமாக இருவருக்கும் ஒரு வார்த்தைகூடப் புரியாமல் போனதில்லை. எனவே இரண்டையும் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

"அக்கா, இங்கே உடைக்கக் கூடாது. போன வருஷம் இதில்தான் பிரின்சிபால் ஸ்கூட்டர் வழுக்கியது."

"கேட்டு முன்னால ஒடைக்காம உன்ற தலையிலயா ஒடைக்கட்டும்?"

"என் தலை கல்லூரிச் சொத்து இல்லை. அதில் வேண்டுமானால் உடைத்துக்கொள். கேட் கல்லூரிச் சொத்து."

"பூசணிக்காயும் காலேஜி காசுதான்யா! காலேஜி காயை காலேஜி கேட்டுல ஒடைச்சா உனக்கு என்ன நோவுது?"

"எழுதிக் கொடு. வழுக்கி விழுந்தால் நீதான் பொறுப்பு என்று எழுதிக் கொடு."

"இன்னிக்குப் பேனாவத் தொடக்கூடாதுய்யா, பூஜை."

கடைசியில் சாலைக்கு அந்தப் பக்கம் சாக்கடை ஓரத்தில் உடைப்பது என்று உடன்பாடு ஏற்பட்டது. உடைத்தாள். சிதறலைப் பெருக்கினால்தான் உள்ளே விடுவேன் என்றான். பெருக்கினாள். பிறகு அவனே சமாதானமாகி ஒரு காகிதத்தில் பொரியும் வெல்லமும் கொடுத்தான். அதை அங்கேயே நின்று தின்னாவிட்டால் மரியாதை இல்லை.

மேலே வந்தபோது பன்னிரண்டு இருபத்தைந்து. தெர்மாமீட்டரில் 37.9.

மேடம் வரவில்லை. நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டு ஸ்விட்சைப் போட்டாள். உர்ர்ர். கல் முன்போலவே பளிச்சென்று சுழன்றது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. பொட்டைத் துடைத்தாள். நோட்டில் பன்னிரண்டு மணிக் கட்டத்தில், அன்றைக்கு இருக்க வேண்டிய எண்ணை எழுதினாள்: 38.4.

(கெம்பையனிடம் பேனாவைத் தொடக்கூடாது என்று சொன்னவள் அவள்தான். எனக்கும் ஞாபகம் இருக்கிறது.)

6

தன்மயி விஜயதசமி கழிந்து வந்தாள். நேராக நோட்டை எடுத்து, ஆயுதபூஜை நாளின் பக்கத்தைத் திருப்பினாள். பஞ்சவர்ணம் தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பஞ்சக்கா, அன்னிக்கு என்னால வர முடியலை. எங்காத்துல ஸரஸ்வதி பூஜைக்குப் புஸ்தகம் அடுக்கி வெச்சுட்டா, விஜயதசமி வரைக்கும் படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. எழுதாம ரீடிங் மாத்திரம் பாத்துண்டு வரேன்னேன். அதுவும் படிக்கறதுதான்னுட்டா அம்மா."

"தெர்மாமீட்டரைப் படிக்கறதுங்களா?"

"ஆமாம். அதுல எழுத்து இருக்கே." பேனாவைத் திறந்தாள். "38.4-தானே இருந்துது?"

பஞ்சவர்ணம் துணியைப் பிழிந்தாள். "ஆமாங்க மேடம்."

"அப்போ நான் வந்திருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன், அல்வா?"

"அதைத்தானுங்க."

"சார்கிட்ட சொல்லாதீங்கோ."

"நான் எதுக்குங்க சொல்றேன்."

பகல் 12.00, 38.4, கையெழுத்து. பூஜையிலிருந்து எடுத்த பேனாவால் தன்மயி முதன்முதலாக எழுதியது அதுதான். ஒருத்தி கருவியை ஓடவிடக்கூடாது என்று நிறுத்தினாள், இன்னொருத்தி எழுதக்கூடாது என்று வராமல் இருந்தாள். இரண்டு பேருடைய பக்தியும் சேர்ந்து நோட்டின் ஒரே வரியில் ஒரே பொய்யாக உட்கார்ந்தது. இரண்டு பேர் பார்த்தால் நம்பலாம்.

7

சிறு வகுப்பு. பிடிக்காதவர்கள் எட்டுக்குப் போகலாம், கதை காத்திருக்கும்.

கல்லில் குறை எப்படி வருகிறது? ஒன்று, விதையிலிருந்து. கம்பியின் முனையில் முதலில் பொருத்துகிற சின்னத் துண்டில் ஒரு கோணல் இருந்தால், அதன்மேல் வளர்வதெல்லாம் அந்தக் கோணலைப் பிடித்துக்கொண்டே வளரும். (இந்தக் கதையின் விதை, காபி போடப் போன ஓர் அம்மாளின் அரைகுறைப் பதில். எனவே இதில் நேர்த்தியை எதிர்பார்க்காதீர்கள்.) இன்னொன்று அழுக்கு. ஒரு தூசு போதும்.

மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. சூடு சட்டென்று இறங்கினால் கல் அவசரப்படும். கலக்குவதும் நின்றுவிட்டால் உப்பு எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் போய்ச் சேராது. முகத்தின் விளிம்புக்கு நிறையக் கிடைக்கும், நடுவுக்குப் பட்டினி. விளிம்பு முந்திக்கொண்டு வளர, நடுவில் பள்ளங்கள் விழும். பிறகு எல்லாம் சரியாகி ஓட ஆரம்பித்ததும், புது அடுக்கு வந்து அந்தப் பள்ளங்களை மூடிவிடும். உள்ளே இருந்த கரைசல் துளித்துளியாக மாட்டிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான பொடித் துளிகள் சேர்ந்து ஒரு வெள்ளைப் படலம்.

அன்றைக்குக் கல் எந்த உருவத்தில் இருந்ததோ, அதே உருவத்தில் படலம் இருக்கும். அதனால்தான் உள்ளே இன்னொரு உச்சி. கரைசலுக்குள் இருக்கும்வரை சரியாகத் தெரியாது, தண்ணீருக்குள் கண்ணாடித் துண்டு தெரியாதது மாதிரி. வெளியே எடுத்துத் துடைத்தால் தெரியும். அதற்குப் பிறகு ஒரு ஸ்கேலும் ஒரு காலண்டரும் போதும்.

8

சனிக்கிழமை பிற்பகல் கல்லை வெளியே எடுத்தார்கள். நான்கு மணிக்கு ரங்கு சார் பார்க்க வருவார். திங்கட்கிழமை அதை பெங்களூருக்குச் சோதனைக்கு எடுத்துப்போக வேண்டும். பஞ்சவர்ணத்தின் கடிதமும் அதே திங்கட்கிழமைதான்.

தன்மயி கல்லைப் பட்டுத்துணியில் ஒற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். உச்சிக்குக் கீழே வெள்ளையாக இன்னொரு உச்சி. பிறகு அளவுகோலை எடுத்தாள்.

"மேல் உச்சியிலேர்ந்து உள் உச்சிக்கு எட்டு மில்லி. ஒரு நாளைக்கு அரை. பதினாறு நாள்."

சுவரில் காலண்டர் தொங்கியது. விரலை வைத்துப் பின்னோக்கி எண்ணினாள். வெள்ளி ஒன்று, வியாழன் இரண்டு, புதன் மூன்று. பஞ்சவர்ணம் எண்ணத் தேவையிருக்கவில்லை. விரல் எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். அது ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கடந்தது, இன்னொரு ஞாயிற்றுக்கிழமையைக் கடந்தது, சிவப்பு எழுத்தில் போட்டிருந்த ஒரு வியாழக்கிழமையில் நின்றது.

"பஞ்சக்கா."

"சொல்லுங்க மேடம்."

"அன்னிக்கு கரண்ட் போச்சா?"

நல்ல கேள்வி. வழி விட்டுக் கேட்ட கேள்வி. ஆனால் அந்த வருடம் தசராவில் ஊரில் ஒரு நிமிடம்கூடக் கரண்ட் போகவில்லை என்று ரங்கு சார் ஒரு வாரம் வியந்துகொண்டிருந்தார்.

"தசராவுலீங்களா?" என்றாள் பஞ்சவர்ணம்.

"எத்தனை நேரம்?"

"நாப்பது நிமிசமுங்க. பொட்டு வெக்கத்தான் நிறுத்துனனுங்க. கெம்பையன் கேட்டுல புடிச்சுக்கிட்டான்."

"எப்போலேர்ந்து எப்போ வரைக்கும்?"

"பன்னெண்டுக்குக் கா மணி முன்னால. பன்னெண்டு இருவத்தஞ்சுக்குப் போட்டுட்டனுங்க."

தன்மயி நோட்டைத் திறந்தாள். பன்னிரண்டு மணி வரியில் இரண்டு 38.4 பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று பால்பாயிண்ட், இன்னொன்று மைப் பேனா. மைப் பேனாவுக்குக் கீழே கையெழுத்து, சாருக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து.

"தொட்டி நின்னுண்டிருந்த நேரத்துல நான் இங்கே இருந்திருக்கேன்" என்றாள், வேறு யாரையோ பற்றிப் படிப்பதுபோல.

"ஆமாங்க மேடம். நோட்டுல அப்படித்தான் இருக்குதுங்க."

தன்மயிக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையை எடுத்தபோது சிரிப்பு இல்லை.

"நாலு வருஷம், பஞ்சக்கா. பன்னெண்டாவது கல். உங்களுக்கு வெளையாட்டா?"

"எனக்கு ஒம்போது வருசமுங்க மேடம்."

9

முடிவுகள். மூன்றை எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: ரங்கு சார் வந்ததும் பஞ்சவர்ணம் காலில் விழுந்து உண்மையைச் சொல்கிறாள். அவர் கண் கலங்கி, குறையில்லாத மனிதர் யார் என்று கேட்டு, அங்கேயே கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறார். எழுதி முடித்ததும் எனக்கே கூச்சமாக இருந்தது. ரங்கு சார் கண் கலங்குகிறவர் இல்லை. மறதியாக மூக்குக் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு தேடுகிறவர், அவ்வளவுதான். மேலும் ரிமார்க் என்பது ரிமார்க். நிர்வாகம் ஆள் ரெடியாக வைத்திருக்கிறது.

இரண்டாவது: நான்தான் நிறுத்தினேன் என்று தன்மயி பழியை ஏற்கிறாள். (நம்ப முடியவில்லை. நான்கு வருடத்தை அவ்வளவு லேசாகத் தூக்கிக் கொடுக்கிறவர்களை நான் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருந்தால் இந்த முடிவை எடுத்துக்கொள்ளுங்கள், என் பெயரைச் சேர்க்க வேண்டாம்.)

மூன்றாவது: இருவரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். படலம் எப்படி வந்தது என்று தெரியவில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். கடிதம் வருகிறது. இது எனக்குப் பிடித்தது. ஆனால் காலண்டரில் பின்னோக்கி எண்ணக் கற்றுக்கொடுத்தவரே ரங்கு சார்தான். கல்லைப் பார்த்த இரண்டாவது நிமிடம் அவர் விரலும் அந்தச் சிவப்பு வியாழக்கிழமையில் போய் நிற்கும். அப்புறம் அவர் பார்ப்பது நோட்டை.

பஞ்சவர்ணத்துக்கும் இது தெரியும். என்னைவிட முன்னாலேயே அவள் இதை யோசித்து முடித்துவிட்டாள்.

10

அந்த அம்மாள் சொன்னது இதுவரைதான்:

மணி நாலாக ஐந்து நிமிடம். பஞ்சவர்ணம் ஜாக்கெட்டில் செருகியிருந்த பால்பாயிண்டை எடுத்தாள். நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். தன்னுடைய 38.4-ஐ ஒரே கோட்டில் அடித்தாள். பக்கத்தில் கன்னடத்தில், அவளுக்கு எழுதத் தெரிந்த அளவில், மெதுவாக எழுதினாள்: ஆஃப். 11.45 முதல் 12.25 வரை. பூஜை. கீழே பெயர்.

நல்லவளாகிவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் கணக்குப் போட்டாள். கல்லைக் கெடுத்தவளுக்குக் கடிதம் வருமா என்று தெரியாது. கல்லையும் கெடுத்து நோட்டையும் பொய்யாக எழுதியவளுக்கு நிச்சயமாக வராது. இரண்டில் தெரியாதது மேல்.

"பஞ்சக்கா, என்ன பண்றீங்கோ?" தன்மயியின் குரல் கீச்சென்றது. "உங்களோடதை அடிச்சா என்னோடது மாத்திரம் நிக்கும். சார் கேப்பார். நீ அங்கேதானே இருந்தே, தொட்டி நின்னுண்டிருந்தது உன் கண்ணுக்குத் தெரியலையான்னு கேப்பார்."

"கேப்பாருங்க."

"நீங்க எழுதாம இருந்தா ரெண்டு பேரும்..."

"உங்க கட்டத்தை நான் தொடலீங்க மேடம்."

பால்பாயிண்டை மூடிச் செருகிக்கொண்டு, நோட்டை மேஜையின் மேல் அந்தப் பக்கம் தள்ளினாள். பந்தியில் ஒருவருக்கு மட்டும் விட்டுப்போகக் கூடாது என்பதுபோல, மைப் பேனாவையும் எடுத்து நோட்டின் மேல் வைத்தாள்.

கீழே படிக்கட்டில் செருப்புச் சத்தம். ரங்கு சாருக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் ஏறுவார். பதினெட்டுப் படி. தன்மயி பேனாவைத் திறந்தாள். அதன் முனை தன்னுடைய 38.4-க்கு மேலே வந்து நின்றது. அடித்தால் நான்கு வருடத்து நோட்டில் மீதி எத்தனை 38-கள் உண்மை என்ற கேள்வி வரும். அடிக்காவிட்டால் பஞ்சவர்ணம் தனியாக நிற்பாள்.

இங்கே அந்த அம்மாள் நிறுத்தினார். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நானும் நிறுத்துகிறேன். படலம் விழுந்த இடத்தில் மேலே புது அடுக்குப் போட்டு மூடுவது எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. நீங்கள் எண்ணிக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ஒன்று மட்டும் சொல்லலாம். ரங்கு சார் உள்ளே வந்து, கல்லை வெளிச்சத்தில் பிடித்து, முதலில் கேட்ட கேள்வி எனக்குத் தெரியும். கரண்ட் போச்சா என்றுதான் கேட்டார். அவருக்கும் தெரியும், தசராவில் போகவில்லை என்று. அவரும் வழி விட்டுத்தான் கேட்டார். இருவரில் ஒருத்தி அந்த வழியில் போகாமல் வாய் திறந்தாள். கல் அன்றைக்கே அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. சோதனைக்கு ஆகாத கல்லை வேறு என்ன செய்வது?

அவளுடைய வீட்டில்தான் நான் காபி குடித்தேன்.

இனி உங்கள் வேலை. முதல் பகுதியில் அவர் சொன்ன வாக்கியத்தை, யார் குரல் என்று தெரியாதபடி நான் துடைத்து எழுதியிருந்தேன். இரண்டு விதமாகவும் சொல்லிப் பாருங்கள்.

"அது ஒரு ஆயுதபூஜைங்க."

"அது ஒரு ஆயுதபூஜை, அஷ்டே."

எது உங்கள் காதில் பொருந்துகிறதோ அந்தப் பெண்ணுக்குக் கல்லைக் கொடுங்கள். இன்னொருத்திக்குத் திங்கட்கிழமை என்ன கிடைத்தது என்று அப்புறம் நீங்களே எண்ணிக்கொள்ளலாம். கையைத் துடைத்துக்கொண்டு தொடுங்கள்.